கடல் ஏன் நீலமாக இருக்கிறது? – சர் சி. வி. இராமன் வாழ்க்கை

(மூன்றாமாண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



டம்ளரில் பிடித்தால் தண்ணீருக்கு நிறமே இல்லை. அதே தண்ணீர் கடலில் கிடக்கும்போது நீலமாக இருக்கிறதே, எப்படி? பகலில் நீலமாக இருக்கிற வானம் சாயங்காலம் ஏன் சிவக்கிறது? நிலா வெளிச்சத்தில் அரக்குச் சிவப்புப் புடவை ஏன் கறுப்பாகத் தெரிகிறது? மிருதங்கத்தின் நடுவில் எதற்காகக் கறுப்பாக ஒன்றைப் பூசி வைத்திருக்கிறார்கள்? நாற்பது வயசு தாண்டினால் ஊசியில் நூல் கோக்க ஏன் கை தடுமாறுகிறது?

இதெல்லாம் நம்ம செமஸ்டர் பரீட்சையில் வராத கேள்விகள். ஐந்தாறு வயசில் எல்லாரும் இப்படித்தான் கேட்டோம். வீட்டில் போய் வேலையைப் பாருடா என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பாடத்தில் இருக்கிறதை மட்டும் கேள் என்றார்கள். கொஞ்ச நாளில் கேட்பதையே நிறுத்திவிட்டோம். ஆனால் ஒருவர் மட்டும் இந்த மாதிரிக் கேள்விகளை எண்பத்திரண்டு வயசு வரை விடவே இல்லை. அவர்தான் சர் சந்திரசேகர வெங்கட இராமன்.

இராமனைப் பற்றி எல்லாருக்கும் தெரியுமே, இதில் புதுசாக என்ன எழுதப் போகிறாய் என்று என் நண்பன் கேட்டான். நோபல் பரிசு வாங்கினார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் அவர் பத்து வருஷம் அரசாங்கக் கணக்கு ஆபீஸில் வேலை பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் நம்ம நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் படிக்கிற வரை தெரியாது. டிப்ளமோ முடித்ததும் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்கிற நிலைமையில் இருக்கிற நம்ம மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து வருஷம்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் படிப்பும்

இராமன் 1888-ம் வருஷம் நவம்பர் 7-ம் தேதி திருச்சியில், திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர், அம்மா பார்வதி அம்மாள். அப்பா பிறகு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராக வேலைக்குப் போனதால் இராமன் வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இராமன் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. அப்பா வயலின் வாசிப்பார். சந்தேகம் வந்தால் வீட்டிலேயே கேட்க ஆள் இருந்தது. நம்மில் நிறையப் பேருக்கு அப்படி இல்லை. என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டில் இருப்பது ஒரு குழித்தறி, ஒரு ராட்டினம், பாவு சுற்றிய சாமான்கள். ஆகவே இராமனும் நம்மைப் போல்தான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அவர் புறப்பட்ட இடம் வேறு, நாம் புறப்பட்ட இடம் வேறு. ஆனால் அவர் வைத்திருந்த குணம் இருக்கிறதே, அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பதினோரு வயசிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-ல் பி.ஏ. முடித்தார், முதல் இடம், தங்கப் பதக்கம். 1907-ல் எம்.ஏ. அதற்கு நடுவில்தான் ஒரு சம்பவம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்து கொண்டிருந்தார். நாமும் முதல் வருஷம் செய்தோமே, அதே பரிசோதனைதான். நாம் ரீடிங் வந்ததா, நோட்டில் எழுதினோமா, கையெழுத்து வாங்கினோமா என்று கிளம்பிவிட்டோம். அவர் டெலஸ்கோப்பில் தெரிந்த ஒளிப்பட்டைகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கமாக மாறியிருப்பதைக் கவனித்தார். ஏன் என்று ஆராய்ந்தார். அது 1906 நவம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயசு பதினெட்டு. இதை எழுதுகிற எனக்கும் பதினெட்டுதான்!

பகலில் கணக்கு, காலை மாலையில் ஆராய்ச்சி

இவ்வளவு கெட்டிக்காரர் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போயிருக்க வேண்டும். ஆனால் உடம்பு பலவீனமாக இருந்ததால் அந்தக் குளிர் தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். நம்ம நாட்டில் அப்போது விஞ்ஞானிக்கு வேலை என்று ஒன்று கிடையாது. ஆகவே அரசாங்க நிதித்துறைப் பரீட்சை எழுதினார், முதலாவதாகத் தேறினார். 1907-ல் லோகசுந்தரி அம்மையாரோடு கல்யாணமும் ஆயிற்று. பத்தொன்பது வயசு கூட நிறையாமல் கல்கத்தாவில் அஸிஸ்டென்ட் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆகப் போய் உட்கார்ந்தார். கை நிறையச் சம்பளம். வேறு ஒருத்தராக இருந்தால் இத்தோடு கதை முடிந்திருக்கும்.

கல்கத்தாவில் டிராமில் ஆபீஸுக்குப் போகும் வழியில், பௌபஜார் தெருவில், 210-ம் நம்பர் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், இந்தியர்கள் தாங்களே விஞ்ஞானம் செய்ய ஒரு இடம் வேண்டும் என்று 1876-ல் ஆரம்பித்த கழகம் அது. அவர் 1904-ல் காலமாகிவிட்டார். கருவிகள் இருந்தன, ஆனால் தொட ஆள் இல்லை. இராமன் போய்க் கதவைத் தட்டினார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் இங்கே ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டார். கிடைத்தது.

அன்றிலிருந்து விடியற்காலையில் கழகத்துக்குப் போவார். ஆபீஸ் நேரம் நெருங்கியதும் வீட்டுக்கு ஓடிவந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் திரும்பவும் கழகம். இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். அங்கேயும் விடவில்லை. 1911-ல் மறுபடி கல்கத்தா. இப்படிப் பத்து வருஷம்!

நம்ம செட்டில் பலபேர் கல்லூரி முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் வேலைக்குத்தான் போகப் போகிறோம். சிலபேர் காலையில் இரண்டு மணி நேரம் தறியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வகுப்புக்கே வருகிறோம். வேலைக்குப் போனால் படிப்பு அவ்வளவுதான் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். இராமனைப் பார்த்தால் அந்த முடிவு சரியில்லை என்று தெரிகிறது.

அந்தக் காலத்தில் அவர் எதை ஆராய்ந்தார் தெரியுமா? வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம். நம்ம ஊர்க் கோயிலில் தினமும் கேட்கிற சத்தங்கள்! ஒரு சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் பல ஒலிகளும் ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகாது, வெறும் சத்தமாகத்தான் கேட்கும். மிருதங்கத்தின் வலது பக்கம் நடுவில் பூசியிருக்கிற கரணை, தோலின் நடுப்பகுதிக்குக் கனத்தைக் கூட்டுகிறது. அதனால் அந்த ஒலிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண் விகிதத்தில் வந்து சேர்ந்து, தந்திக் கருவி மாதிரி சுருதி பேசுகிறது. நம்ம முன்னோர் காதால் கண்டுபிடித்து வைத்திருந்ததை இராமன் கணக்கால் நிரூபித்தார்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி, அவரைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தார். போனால் சம்பளம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இராமன் 1917-ல் அரசாங்க உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

கப்பலில் கிடைத்த விடை

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போனார். அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். திரும்பி வரும்போது நார்குண்டா என்கிற கப்பல். மத்தியதரைக் கடலில் அந்த ஆழ்ந்த நீலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

கடல் ஏன் நீலம் என்பதற்கு ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானி ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருந்தார். வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று. வானம் ஏன் நீலம் என்பதற்குச் சரியான காரணம் சொன்னவரும் அவர்தான். சூரிய வெளிச்சம் காற்று மூலக்கூறுகளில் படும்போது அலைநீளம் குறைந்த நீலம் நாலாபக்கமும் அதிகமாகச் சிதறுகிறது, சிவப்பு கொஞ்சமாகத்தான் சிதறுகிறது. சாயங்காலம் வெளிச்சம் அதிகத் தூரம் காற்றைக் கடந்து வருவதால், நீலமெல்லாம் வழியிலேயே சிதறிப்போய் சிவப்பு மிஞ்சுகிறது. இவ்வளவு சரியாகச் சொன்னவர் கடல் விஷயத்திலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

இராமன் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து நிக்கல் பட்டகம் என்ற சின்னக் கருவியை எடுத்தார். தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால், ஒரே தளத்தில் அதிர்கிற ஒளியாகிவிடும். நிக்கல் பட்டகத்தைத் தகுந்தபடி திருப்பினால் அந்த வெளிச்சத்தை முழுசாக மறைத்துவிடலாம். வானத்தின் பிரதிபலிப்புதான் காரணம் என்றால், அதை மறைத்ததும் நீலம் போய்விட வேண்டும் அல்லவா? போகவில்லை! இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அப்படின்னா நீலம் தண்ணீருக்கு உள்ளேயிருந்துதான் வருகிறது. தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது, மீதியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சிதறடித்து மேலே அனுப்புகின்றன. டம்ளரில் இருப்பது நாலு விரல்கடைத் தண்ணீர், அந்த அளவுக்கு நிறம் தெரியாது. கடலின் ஆழத்துக்குத்தான் தெரியும்.

கப்பலை விட்டு இறங்குவதற்குள் கட்டுரை தயார். கருவி உள்ளங்கை அளவு, ஆய்வுக்கூடம் கப்பல் தளம்.

1928 பிப்ரவரி 28

ஊர் திரும்பியதும் தண்ணீரில், மற்றத் திரவங்களில், வாயுக்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஏழு வருஷம் மாணவர்களோடு உழைத்தார். 1923-ல் கே. ஆர். இராமநாதன் ஒரு மங்கலான புது ஒளியைக் கவனித்தார். திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று பலமுறை சுத்தம் செய்து பார்த்தார்கள், அது போகவே இல்லை. எஸ். வெங்கடேஸ்வரன் என்பவர் பகலில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டு மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1927 கடைசியில் அவர் சுத்தமான கிளிசரினில் நீலத்துக்குப் பதில் பச்சையான ஒளி சிதறுவதைக் கண்டார். பிறகு விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து போன கே. எஸ். கிருஷ்ணன், பல திரவங்களில் அதை உறுதி செய்தார். 1928 பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கின் ஒளியை நிறமாலை காட்டியில் பார்த்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. உள்ளே போகாத நிறம் வெளியே வருகிறது!

நண்பர்களே, இதை ஊஞ்சலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆடுகிற ஊஞ்சல் பலகை மேல் பந்தை எறிந்தால், பலகை நம்மை நோக்கி வரும்போது பட்ட பந்து வேகமாகத் திரும்பும், விலகிப் போகும்போது பட்டது மெதுவாகத் திரும்பும். மூலக்கூறுகளும் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் மேல் படுகிற ஒளியில் மிகப்பெரும் பங்கு அதே நிறத்தோடு சிதறும். கோடியில் ஒன்று மட்டும் மூலக்கூறுக்குக் கொஞ்சம் சக்தியைக் கொடுத்துவிட்டோ வாங்கிக்கொண்டோ நிறம் மாறி வரும். ஒவ்வொரு பொருளின் ஆட்டமும் தனி. அதனால் இந்த நிறமாற்றம் அந்தப் பொருளின் கைரேகை மாதிரி. இன்றைக்கு மருந்து அசலா போலியா, கல் வைரமா கண்ணாடியா என்று உடைக்காமல் சொல்கிற கருவிகள் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன.

அதே மாதத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இருவர் படிகங்களில் இதையே பார்த்திருந்தார்கள். ஆனால் முதலில் அச்சில் வெளியிட்டவர் இராமன். 1930-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விஞ்ஞானத்தில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 1987 முதல் பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடும்போது கிருஷ்ணனையும், ஆபீஸ் முடிந்து வந்து ஆராய்ச்சி செய்த வெங்கடேஸ்வரனையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

மயில்கழுத்தும் மனிதன் கண்ணும்

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் இந்தியர். 1934-ல் இந்திய விஞ்ஞான அகாடமியை ஆரம்பித்தார். பிறகு சொந்தமாக ஒரு ஆராய்ச்சி நிலையத்தையும் பெங்களூரிலேயே நிறுவினார். வைரம், சிப்பி, பறவை இறகு, ரோஜாப்பூ என்று நிறம் உள்ள எதையும் அவர் விட்டு வைக்கவில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு. நம்ம ஊரில் மயில்கழுத்து நிறப் புடவை நெய்கிறோம். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். மடிப்பு திரும்பும்போது ஒரு பக்கம் பச்சை அடிக்கும், ஒரு பக்கம் நீலம் அடிக்கும். அதில் சாயம் இருக்கிறது. ஆனால் நிஜ மயில் கழுத்தில் நீலச் சாயமே கிடையாது! இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்லிய குச்சிகள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கின் இடைவெளிதான் எந்த நிறம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது. இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் போய், பழுப்பும் கறுப்பும்தான் மிஞ்சும்.

கடைசிக் காலத்தில், பொருளுக்கு நிறம் எப்படி வருகிறது என்பதோடு நிற்காமல், கண் அதை எப்படிப் பார்க்கிறது என்று கேட்க ஆரம்பித்தார். தன் கண்ணையே ஆய்வுக்கூடமாக்கி, நிறக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்து, 1968-ல், எண்பது வயசில், பார்வையைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். மங்கலான வெளிச்சத்தில் நிறம் ஏன் மறைகிறது என்பதும் அவர் ஆராய்ந்த கேள்விதான். நம்ம கண்ணில் இரண்டு வகை செல்கள் இருக்கின்றன. நிறம் பார்க்கிற கூம்பு செல்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டில் வேலை செய்கிற குச்சி செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, சிவப்பு அவற்றுக்குத் தெரியவே தெரியாது. நிலா வெளிச்சத்தில் சிவப்புப் புடவை கறுப்பாவது இதனால்தான்.

கண் என்றதும் என் வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு நாற்பத்தேழு வயசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறுந்த இழையை முடிச்சுப் போட அவருக்குக் கண் தெரியாமல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கூப்பிடுவார். பத்து நாளில் முடிகிற புடவை பதினைந்து நாள் ஆயிற்று. பட்டு இழையைப் பார்த்துப் பார்த்துக் கண் தேய்ந்து போச்சு, இனிமே பையனைத் தறியில் உட்கார வைக்க வேண்டியதுதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் படிப்பு நிற்கிற நிலைமை. அப்போதுதான் பார்வை பற்றித் தேடிப் படித்தேன். கண் தேய்வதில்லை. கிட்டப் பொருளைப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் உப்பிக் கொடுக்க வேண்டும். வயசாக ஆக அது விறைத்துப் போகிறது. நெசவாளி, குமாஸ்தா, உழவன் யாராக இருந்தாலும் நாற்பதுக்கு மேல் இது வரும். ஒரு குவிலென்ஸ் கண்ணாடி போதும். கண் முகாமுக்கு அப்பாவை அழைத்துப் போனேன். பரிசோதித்துவிட்டு வேறு கோளாறு இல்லை என்று சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அப்பா இப்போது அவரே முடிச்சுப் போடுகிறார். நான் மூன்றாமாண்டு வந்துவிட்டேன். ஏன் என்ற ஒரு கேள்விக்கு இவ்வளவு பலன் இருக்கிறது, நண்பர்களே!

இராமனிடமும் குறை உண்டு

பெரியவர் என்பதற்காக எல்லாவற்றையும் சரி என்று சொல்ல முடியாது. நம்ம கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள் சேர்ந்துதான் எல்லா நிறத்தையும் அறிகின்றன என்பதை இராமன் ஏற்கவில்லை. விஞ்ஞானம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை.

இன்னொன்று, நம்ம கல்லூரி மாணவிகள் கவனிக்க வேண்டியது. 1933-ல் பம்பாயிலிருந்து கமலா பாகவத் என்ற மாணவி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். பெண் என்பதற்காக இராமன் மறுத்தார். கமலா விடவில்லை, நேரில் போய் வாதாடினார். ஒரு வருஷம் பார்க்கலாம் என்று நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். அவர் வேலையைப் பார்த்த பிறகு அங்கே பெண்களுக்குக் கதவு திறந்தது. கமலா சொஹோனி என்று பின்னாளில் அறியப்பட்ட அவர் 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, பருப்பு, பால், பதநீர் ஆகியவற்றின் சத்துகளை ஆராய்ந்தார். இராமனுடைய ஆய்வுக்கூடத்திலேயே வைரங்களை ஆராய்ந்த அன்னா மாணி பிறகு இந்திய வானிலைத் துறையில் உயர்ந்த பதவிக்கு வந்தார். இராமன் ராலேயின் பதிலைக் கேள்வி கேட்டார். கமலா இராமனின் பதிலைக் கேள்வி கேட்டார். இரண்டும் ஒரே குணம்தான்.

முடிவாக

1954-ல் பாரத ரத்னா விருது பெற்ற இராமன், 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய ஆராய்ச்சி நிலையத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். சமாதி கட்டவில்லை, ஒரு மரம் நட்டார்கள்.

நண்பர்களே, நாம் எல்லாரும் நோபல் பரிசு வாங்கப் போவதில்லை. ஆனால் நாளைக்கு நாம் நிற்கப் போகிற இடத்தில், மோட்டார் ஏன் சூடாகிறது, கப்பாசிட்டர் ஏன் வெடித்தது, சாயம் ஏன் ஒரு முழத்துக்கு மட்டும் வெளுத்தது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். மேஸ்திரி சொன்னார், புத்தகத்தில் இருக்கிறது என்று தலையாட்டாமல், மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கிற ஆள். கருவி இல்லையே, இங்கிலீஷ் வரவில்லையே, வேலை நேரம் போக நேரமில்லையே என்பதெல்லாம் காரணமே இல்லை என்று ஒரு கணக்கு ஆபீஸர் பத்து வருஷம் நடந்து காட்டியிருக்கிறார். நாமும் கேட்போம்! தமிழிலேயே கேட்போம்! இன்றைக்கே ஆரம்பிப்போம்!